அறிவுமதிக்குப் பதிலாக உட்கார்ந்தவள்

என் அம்மாவைப் பற்றி அந்தக் கல்லூரியில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மகளுக்குப் பதிலாக வகுப்பில் வந்து உட்கார்ந்த அம்மா. மகள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, 'இருக்கேன் டீச்சர்' என்று சொன்ன அம்மா. இந்த ஜூன் மாதம் விண்ணப்பம் வாங்கப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாவின் இன்னொரு மகள் நான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லித்தான் இருப்பார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொன்னார். மீதியை நான் எழுதுகிறேன்.

அம்மா பெயர் ராசம்மாள். எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. தண்ணீர் கடைசியாக வரும். எல்லாமே கடைசியாகத்தான் வரும். எங்கள் தெருவில் முன்பு எல்லோரும் பண்ணையில் வேலை செய்தவர்கள். இப்போது சிலருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, பலருக்கு இல்லை. எங்களுக்கு இல்லை. அம்மா நடவு ஆள். வரிசையின் இடது முனை அவள் இடம். முனையில் நிற்பவளின் வேகத்துக்குத்தான் மொத்த வரிசையும் பின்னால் நகரும். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். ஒருமுறை வயல்காரர் வரப்பில் உட்கார்ந்துகொண்டு நடவுப் பெண்களை ஏதோ கேவலமாகச் சொன்னார் என்று, கையில் இருந்த நாற்றைச் சேற்றிலேயே போட்டுவிட்டு ஏறி வந்துவிட்டாள். மொத்த வரிசையும் அவள் பின்னால் ஏறியது. அந்த மனிதர் சாயங்காலம் தெருவுக்கே வந்து கூப்பிட வேண்டியதாயிற்று.

எங்கள் தெரு நடவு வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. வரிசையில் இருக்கிற இடம் ஆளுக்கு உரியது இல்லை, வீட்டுக்கு உரியது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் மகள் வந்து நிற்பாள். மகள் இல்லையென்றால் நாத்தனார், அதுவும் இல்லையென்றால் மாமியார். யார் வந்தாலும் அந்த வீடு வந்ததாகக் கணக்கு. ஆள் மாற்றி விடுவது என்று சொல்வார்கள். அதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. தப்பு என்பது இடத்தைக் காலியாக விடுவதுதான். காலியாக விட்டால் அந்த இடத்தில் வேறு வீடு வந்து நிற்கும். பிறகு கேட்க முடியாது. அம்மா வயதுக்கு வருவதற்கு முன்பே அவள் அம்மாவின் இடத்தில் போய் நின்றவள். அவளுக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

என் அக்கா அறிவுமதி எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று குறுவை நின்றுபோன வருஷம் அது. வயலில் வேலை இல்லாததால் அப்பா காத்தான் திருப்பூருக்குப் போய் ஒரு சாயப்பட்டறையில் சேர்ந்திருந்தார். அப்போதே பனியன் கம்பெனி வேன் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அக்காவைக் கல்லூரியில் சேர்க்க அப்பா அரை மனதாகத்தான் சம்மதித்தார். ஒரு வருஷம் தவறினாலும் படிப்பு போதும், நேராக வேனில் ஏற்றிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அக்கா ஒரு பரீட்சையை விட்டாலும் அவள் படிப்பு முடிந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மாவோடு நானும் போயிருந்தேன். பெற்றோர்களை எல்லாம் ஒரு கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பெண்களுக்காகவே தனியாக ஒரு வழிகாட்டு மையம் இருக்கிறது, எந்தச் சந்தேகம் என்றாலும் அங்கே வரலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினோம். வெளியே வரும்போது அந்த அறையைப் பார்த்தோம். நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர் பளிச்சென்று இருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. இன்று விசேஷ நாள், அதனால் பூட்டியிருப்பார்கள் என்று அம்மா சொன்னாள். ஜன்னல் வழியாக நான் எட்டிப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

செமஸ்டர் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் என்றால் என்ன, யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. மற்ற பெண்களுக்கு வீட்டில் ஓர் அண்ணனோ சித்தியோ இருந்தார்கள். அக்கா கேட்கவும் மாட்டாள். கேட்டால், இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று நினைப்பார்களோ என்ற பயம். அவளுக்குக் கிடைத்த ஒரே துணை ஹஃப்ஸா. ஆடுதுறைப் பக்கத்துப் பெண். அவள் அத்தா ஜித்தாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவள் அம்மா கமருன்னிஸா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அவர்கள் வீட்டிலும் கல்லூரி என்பது இவளோடுதான் ஆரம்பம். தெரியாத இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எங்கள் ஊரில் காமாலைக்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள், பத்தியம் இருக்கச் சொல்வார்கள். அக்காவுக்கும் அதைத்தான் செய்தார்கள். கண் மஞ்சளாகி, எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பார்க்க வந்த ஹஃப்ஸா ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். முக்கால்வாசி நாளாவது வகுப்பில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா அவளைப் படுக்க வைத்தாள்.

"நீ படு. உன் இடம் காலியாவாது. நான் போய் உக்காந்துக்கறேன்" என்றாள்.

மறுநாளே அம்மா, கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு, காலைப் பேருந்தில் போனாள். முதல் வகுப்பு வரலாற்று மேடத்தினுடையது. அம்மா ஹஃப்ஸாவின் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேடம் வரிசையாகப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அறிவுமதி என்றதும் அம்மா எழுந்து நின்றாள்.

"இருக்கேன் டீச்சர்."

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேடம் யாரென்று கேட்டார்.

"அறிவுமதியோட அம்மாங்க. அவளுக்குக் காமாலை, எந்திரிக்க முடியலை. அவ வர்ற வரைக்கும் அவளுக்குப் பதிலா நான் வர்றேன்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியா? சரி, உக்காருங்க. ஆனா கிளாஸ்ல தூங்கக்கூடாது, சரியா?" என்றார்.

அம்மா உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இதெல்லாம் செல்லாது, உங்கள் மகளுக்கு ஒரு டாக்டர் சீட்டு வாங்கி வந்து கொடுங்கள் என்று சொல்ல அந்த மேடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சிரிப்பதற்கு ஆன நேரம்கூட ஆகியிருக்காது.

அக்காவுக்கு உடம்பு தேறும் வரை அம்மா தினமும் போனாள். தினமும் அறிவுமதி பெயருக்கு எழுந்து நின்றாள். செய்தி பரவியது. வேறு வகுப்பு ஆசிரியைகள் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் உள்ளே வந்து, எங்கே சொல்லுங்கம்மா, அக்பர் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டார். அது அவர் சனங்களைத்தான் டீச்சர் கேட்கணும் என்று அம்மா சொல்ல, வகுப்பே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து எங்களிடம், "நல்ல சனங்கடி. எம்மாம் படிச்சவங்க, என்னாட்டம் ஆளுகிட்ட சிரிச்சுப் பேசறாங்க" என்றாள். வயலில் ஒரு சொல் பொறுக்காதவள் அவள். அங்கே தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று அவள் நினைத்ததில்லை.

மதியம் சாப்பிட அவளுக்கு ஓர் இடம் வேண்டுமே. அந்த வழிகாட்டு மையத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நிழலாக இருக்கும். அங்கே உட்கார்ந்துதான் தினமும் தூக்கைத் திறந்தாள்.

ஹஃப்ஸா ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். அவளுக்கும் தெரியாது. முதல் நாள் அவளுக்கு வெட்கமாக இருந்ததாம். ஆனால் மேடமே உட்காரச் சொன்ன பிறகு, உடம்பு சரியில்லாதவர்களுக்கு இப்படி ஒரு வழி உண்டுபோல என்று நம்பிவிட்டாள். அக்காவுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நிஜமாகவே ஒப்புக்கொண்டார்களா என்று படுத்தபடியே கேட்டாள். அவர்கள் வாயாலேயே உட்காரச் சொன்னார்கள் என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேட்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஹஃப்ஸா நடுவில் கார்பன் தாள் வைத்து எழுதி அக்காவுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுவாள். அக்கா அதைப் படுக்கையிலேயே படித்தாள்.

உடம்பு தேறி அக்கா கிளம்பிய அன்று அம்மா அவள் தலையை வாரிவிட்டாள். "உன் இடம் அப்படியே இருக்கு. ஹஃப்ஸா பக்கத்துல. போ" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

ஹால் டிக்கெட் கொடுத்தபோது அக்காவின் பெயரைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அம்மாவோடும் அக்காவோடும் நானும் போனேன். பிரின்சிபால் அம்மா எங்களை நிற்க வைத்தே பேசினார். கோபமாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு சரியில்லாத மாணவிகளுக்கு வருகைக் குறைவை மன்னிக்க விதி இருக்கிறதாம். அதற்கு டாக்டர் சான்றிதழ் வைத்து, வகுப்புக்குத் திரும்பிய அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டுமாம். கீழாநெல்லிக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? நாள் கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை. தான் ஒரு நாள்கூட விடாமல் வந்ததையும், பெயர் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து நின்றதையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வரலாற்று மேடத்தைக் கூப்பிட்டார்கள்.

"நான் விளையாட்டாத்தான் சொன்னேன் மேடம். இவங்க அதை நிஜம்னு எடுத்துப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

அம்மா அவரையே பார்த்தாள். பிறகு சத்தம் போடாமல் பேசினாள். அம்மா சத்தம் போடாமல் பேசியதை நான் அன்றுதான் கேட்டேன்.

"இது ஆகாதுன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே அவளைத் தூக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட சீட்டு வாங்கியாந்திருப்பேங்க. நடவுக்கு வந்தவளை வேணாம்னா வேணாம்னு சொல்லி வரப்புலயே திருப்பி அனுப்பிடுவாங்க எங்க ஊர்ல. சேத்துல எறக்கிவிட்டு வேடிக்கை பாக்க மாட்டாங்க."

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழிகாட்டு மையம் வைத்திருக்கிறோம், அங்கே போயிருக்கலாமே என்றார் பிரின்சிபால் அம்மா.

"அது வாசல்ல உக்காந்துதாங்க தெனமும் சோறு தின்னேன். ஒரு நாளும் தொறக்கலை."

அந்த மையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றும், சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றும் பின்னால் ஹஃப்ஸா விசாரித்துச் சொன்னாள். ஒரு சாவிக்காக என் அக்காவின் படிப்பு போனது. கோபப்பட்டு எழுதக்கூடாது என்று என் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்ததும் வேன் வந்தது. அக்கா ஏறினாள். சன்னலோரத்தில் உட்கார்ந்தவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அவள் கோபமெல்லாம் கல்லூரிமேல் இல்லை, அம்மாமேல் இருந்தது. "உன்னை யாரு அங்க போகச் சொன்னது? ஊரே சிரிச்சிச்சு" என்று முதல் நாள் இரவு சொல்லியிருந்தாள். நம்மைக் கேலி செய்தவர்கள்மேல் வர வேண்டிய கோபம் ஏன் எப்போதும் நம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிறது? திருப்பூரிலிருந்து அக்கா போன் செய்வாள். எங்கள் தெருமுனையில் இருக்கிற பஞ்சநதம் கடை ஒரு ரூபாய் போனில் நான் எடுத்துப் பேசுவேன். அம்மா பக்கத்தில் நிற்பாள். அம்மாவிடம் கொடு என்று அக்கா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பனியனில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற மேசையில் வேலை என்றாள். நாள் முழுக்க நிற்க வேண்டும், கால் வீங்குகிறது என்றாள். அதை அம்மாவிடம் சொல்லாதே என்பாள். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

அதன் பிறகு அம்மா மாறிப்போனாள். அடுத்த நடவுப் பட்டத்தில் தண்ணீர் வந்தபோதும் வரிசையின் முனையில் நிற்கவில்லை. நடுவில் நின்றுகொண்டாள். யார் சிரித்தாலும் திரும்பிப் பார்த்தாள்.

இந்த வருஷம் நான் பிளஸ் டூ முடித்தேன். நல்ல மார்க். விண்ணப்பம் வாங்கி வந்த அன்றே, எனக்கு அந்தக் கல்லூரி வேண்டாம் என்றேன். பேருந்து போகிற தூரத்தில் வேறு எது இருக்கிறது என்று அம்மா கேட்டாள். எதுவும் இல்லை. சேர்க்கைக்கு அவளே என்னோடு வந்தாள். கட்டியிருந்தது அதே கல்யாணச் சேலை.

வரிசை நீளமாக இருந்தது. துண்டு போட்ட அப்பாக்கள், இடுப்பில் குழந்தையோடு அம்மாக்கள், எல்லாம் எங்களைப் போன்றவர்கள். மேசையில் அதே அலுவலகக்காரர். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். "அட, நீங்களா? இந்தத் தடவையும் நீங்களே படிக்கப் போறீங்களா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை. அவர் கையெழுத்துக்கு நீட்டிய பேனாவை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இவ ஒடம்பு முடியாம படுத்துட்டா நாங்க என்ன செய்யணும்?"

அப்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையெழுத்துப் போடுங்கள் என்றார் அவர். அம்மா பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க."

பின்னால் வரிசை நெருக்கியது. அவர் எரிச்சலோடு சொன்னார். அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாலும் போதும், திரும்பி வந்த அன்றே விண்ணப்பம் எழுதிச் சீட்டோடு துறைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்றார்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வரிசை கலைந்து மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். ஒருவர், ஹாஸ்டலுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இடுப்புக் குழந்தைக்காரி, பஸ் பாஸ் எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டாள். இத்தனை நாளும் இதையெல்லாம் எங்கே கேட்பது என்று தெரியாமல் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். அவரும் வேறு வழியில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் அந்த நீலப் பலகை அவருக்கு நேர் பின்னால் தெரிந்தது. பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது.

கடைசியாக அம்மா இன்னொன்று கேட்டாள்.

"பரீச்சைக்கு விடாம நின்னுபோன புள்ளை திரும்பி வர முடியுங்களா?"

"வரலாமே. மறுசேர்க்கைன்னு எழுதிக் கொடுத்தா போதும். உங்க பெரிய பொண்ணு போன வருஷமே வந்திருக்கலாம். அது இடம் காலியாத்தான் இருந்துச்சு. யாரும் வந்து கேக்கலையே" என்றார் அவர்.

யாரும் வந்து கேட்கவில்லையாம். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அக்காவின் கால் வீங்கிய அத்தனை நாளும் இங்கே அவள் இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. இவருக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியும். பிரின்சிபால் அம்மாவுக்குத் தெரியும். ஓர் அஞ்சலட்டை போட்டுச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மேசையில் இருந்ததையெல்லாம் தள்ளிவிடலாம் போல இருந்தது எனக்கு. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கையெழுத்தைப் போட்டாள். ராசம்மாள் என்று ஒவ்வோர் எழுத்தாக, அவசரமே இல்லாமல்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பஞ்சநதம் கடைக்குப் போனோம். பனியன் கம்பெனி விடுதிக்கு நான் எண்களை அழுத்தினேன். அக்காவைக் கூப்பிட்டு வரும் வரை காசு போட்டுக்கொண்டே இருந்தேன். அவள் குரல் வந்ததும் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் ஒட்டி நின்றதால் எனக்கும் கேட்டது.

"உன் எடம் இன்னும் காலியாத்தான் இருக்காம். எழுதிக் கொடுத்தா போதுமாம். கெளம்பி வா" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம், விடுதியை ஒட்டிய கம்பெனியில் மிஷின்கள் ஓடுவது கேட்டது. அப்பா என்ன சொல்வார் என்று கேட்டாள் அக்கா. அந்த ஆளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அம்மா. நான் இன்னொரு காசு போட்டேன்.

"நீ கிளாசுக்கு வந்து உக்கார மாட்டியே?" என்றாள் அக்கா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நீ வந்து உக்காந்தா நான் ஏன்டி வரப்போறேன்" என்றாள் அம்மா.